பாராட்டில் சீட்டுப் பிடித்தவர்கள்

மார்ச் 3, திங்கள்

தோசை மாவு இன்றும் புளித்துவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி ஊறப் போடுவது என்று என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. பாதியைக் கீழ்வீட்டு சுலோச்சனா அக்காவிடம் கொடுத்தேன். பாத்திரத்தை வாங்கிக்கொண்டே "இன்னிக்குமா?" என்றார்.

ஆபீசில் ஒரு வளையம் சிக்கியது. சிக்கியது என்ன, மெஷினே பிடித்து என் மேஜையில் போட்டது.

எங்கள் கம்பெனி செய்கிற மென்பொருளுக்கு மெச்சு என்று பெயர். பெரிய நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் தொழிலாளர்களின் போனில் ஏற்றிவிடுகின்றன. மாதம் பிறந்தால் ஒவ்வொருவர் கணக்கிலும் கொஞ்சம் புள்ளிகள் விழும். அதைத் தனக்கென்று செலவழிக்க முடியாது. கூட வேலை செய்கிற யாரையாவது மெச்சி, எதற்காக மெச்சுகிறோம் என்று ஒரு வரி எழுதி, அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் புள்ளி காலாவதி. வாங்கியவர் அதை வைத்து எங்கள் பட்டியலில் இருக்கிற குக்கரோ மின்விசிறியோ எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்வதற்கு நடுவில் ஒரு கம்பெனி தேவைப்படுகிறது. அந்தக் கம்பெனியில் எனக்குச் சம்பளம் வருகிறது, நான் குறை சொல்லக் கூடாது.

"நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று ஆட்கள் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றினால் அதற்குத்தான் வளையம் என்று பெயர். மெஷின் சந்தேகப்பட்டதும் அந்தப் புள்ளிகள் முடங்கிவிடும். பிறகு நான் உட்கார்ந்து ஆராய்ந்து, ஏமாற்றா இல்லையா என்று எழுத வேண்டும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அதற்கே சம்பளம் தருகிற வேலை என்றதும் கரூரை விட்டுக் கோயமுத்தூருக்கு ஓடி வந்து சேர்ந்துகொண்டேன். ஓடி வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நவநீதன் சார்தான் எங்கள் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். என்னைவிடச் சின்னவர், ஆனாலும் சார்.

"திருப்பூர் பார்ட்டி கொதிச்சுப் போயிருக்காங்க, சாருமதி. எக்ஸ்போர்ட் கம்பெனி. பேக்கிங் செக்ஷன் பொம்பளைங்க அத்தன பேரும் மொத்தப் புள்ளியையும் ஒரே ஆளுக்குப் போடறாங்க. அடுத்த மாசம் அதே மாதிரி இன்னொரு ஆளுக்கு. பார்த்தாலே தெரியுதுங்க, வளையம்தான்."

"பார்த்தாலே தெரியுதுன்னா நான் எதுக்கு சார்?"

"மனுசக் கண்ணு ஒண்ணு பார்த்துச்சுன்னு காட்டணுமில்லீங்க. இந்த மாசம் உங்கள நிரந்தரம் பண்ற பேச்சு வேற இருக்குது. சட்டுனு முடிச்சுக் குடுத்துருங்க."

மார்ச் 4, செவ்வாய்

அந்தப் பெண்கள் மாதாமாதம் என்ன பொருள் எடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிக்சி. கேஸ் அடுப்பு. மேஜை மின்விசிறி. பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி. ஒருத்தி எடுத்தபின் மறுபடி அவள் பெயர் வரவே இல்லை. ஆனால் எடுத்தவளும் மாதம் தவறாமல் மற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சட்டென்று உறைத்து, தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

சீட்டு! பாராட்டை வைத்துச் சீட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

தனித்தனியாகச் சேர்த்தால் ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸ்தான் கிடைக்கும். எல்லோருடையதையும் மாதம் ஒருவருக்குக் கொட்டினால் உருப்படியாக ஒன்று வீட்டுக்கு வரும். எங்கள் நிறுவனத்தில் அத்தனை படித்த தலைகள் உட்கார்ந்து யோசித்த திட்டத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் எடுத்தாகிவிட்டது, ஒருவர் மட்டும் பாக்கி. பெயர் குருவம்மாள். இந்த மாதம் அவர் முறை. புள்ளிகள் வந்து விழுந்த அன்றே முடங்கிவிட்டன. பட்டியலில் பிடித்த பொருளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வைக்கலாம். சீட்டு ஆரம்பித்த மாதத்திலிருந்தே அவர் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போட்டு வைத்திருக்கிறார். வாஷிங் மெஷின். குடும்பம் சின்னது போலத்தான் தெரிகிறது, கணவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பேர் துணிக்கு எதற்கு மெஷின்? அதுவும் ஒரு வருஷம் காத்திருந்து?

நவநீதன் சாரிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "சீட்டோ, லாட்டரியோ, வளையம் வளையந்தானுங்களே" என்றார்.

மார்ச் 6, வியாழன்

எழுதிய வரிகளைப் படித்தேன். அந்த வரி எழுதியவருக்கும் பெற்றவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் நிர்வாகத்துக்கு யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்ற எண்கள் மட்டும் போகும். சந்தேகம் என்று வந்தால் நாங்கள் திறந்து பார்க்கலாம்.

முதல் மாதம் எல்லோரும் "நன்றாக வேலை செய்தார்" என்றே எழுதப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வரியை இரண்டு தரம் எழுதினால் மென்பொருள் ஏற்காது. அதனால் அடுத்தவர், "மிக நன்றாக வேலை செய்தார்." அதற்கடுத்தவர், "மிக மிக நன்றாக." ஒருத்தி, "நன்றாக வேலை செய்தார், நம்பாட்டி வந்து பாருங்க." சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

மூன்று மாதம் போனதும் சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்குமேல் போட வேண்டுமென்றால் எதையாவது புதிதாகச் சொல்லியாக வேண்டும். அங்கிருந்து வரிகள் மாறுகின்றன. போனில் பேசிப் பேசியே எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது, குரல் அப்படியே கேட்கிறது.

"பெட்டியில சைசு ஸ்டிக்கர் மாறி ஒட்டியிருந்துச்சு. லாரில ஏத்துனப்புறம் மெஹராஜ் அக்காதான் கண்டுபுடிச்சாங்க. அவங்களே ஏறிப் பிரிச்சாங்க."

"சூப்பர்வைசர் திட்டுனப்ப தப்பு எம்மேலதான்னு சொன்னா. தப்பு என்னோடது."

"இந்தப் புள்ள பேசிட்டிருந்தா எங்க வரிசைக்கு மத்தியானத் தூக்கம் வராது."

எழுத ஒன்றுமில்லாமல் போனதால் ஒருவரை ஒருவர் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்தேன். குருவம்மாள் எழுதியவற்றை மட்டும் திறக்கவில்லை. பாயசத்தில் முந்திரியைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற ஆள் நான்.

எங்கள் ஆபீசிலும் மெச்சு உண்டு. எனக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். ஒன்று இருந்தது. பிறந்தநாளன்று மென்பொருளே தானாக அனுப்பியது. சும்மாதான் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் விதிப் புத்தகத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஏமாற்று என்றால் என்ன என்று அதில் எழுதியிருக்கிறது: செய்யாத காரியத்துக்குப் பாராட்டு. அவ்வளவுதான். யார் யாருக்கு எந்த வரிசையில் போட்டார்கள் என்பது பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தப் பெண்கள் எழுதியதெல்லாம் நிஜமாக நடந்திருந்தால் அது ஏமாற்று ஆகாது. குருவம்மாளுக்கு மெஷின் கிடைத்துவிடும்.

துள்ளிக் குதித்துப் போய் நவநீதன் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்தார்.

"நெசம்னு யார் சொல்றது?"

"நேர்ல போய் விசாரிக்கறேன் சார்."

"போங்க. ஆனா ஒண்ணு. ஏமாத்துன்னு எழுதுனா வெறும் நம்பர் குடுத்தாப் போதும். ஏமாத்து இல்லைன்னு எழுதுனா, அத்தன வரியையும் சாட்சியா இணைச்சு அவங்க நிர்வாகத்துக்குக் குடுக்கணும். ஒரு வரிகூட விடக் கூடாது."

"குடுத்துடலாம் சார். அதப் படிச்சா அவங்களே சந்தோசப்படுவாங்க."

நான் நேரில் வருவேன், நிஜமென்றால் அத்தனை வரியையும் அனுப்புவேன் என்று என் எதிரிலேயே திருப்பூருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

மார்ச் 8, சனி

அம்மா போன் செய்தார். நான் விட்டுவிட்டு வந்த ரகு வீட்டுக்கு வந்திருந்தாராம், நாலு வார்த்தை நல்லவிதமாகப் பேசினாராம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

திருப்பூர் போய் வந்தேன். பயிற்சி கொடுக்க வந்த மேடம் என்று நிர்வாகத்தின் பிரேம்நாத் என்னை பேக்கிங் செக்ஷனில் கொண்டு விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வாசல் விஷயத்தில் கறார். "வேலை நேரத்துல கேட்டைத் தாண்டுனா கணக்க முடிச்சு அனுப்பிருவோம் மேடம். சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட் அப்படி" என்று போகிற போக்கில் சொன்னார்.

நீள மேஜைகள். பனியன்களை மடித்து, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கை பார்க்கிற வேலையை வாய் கவனிக்கவே இல்லை, பேச்சு அது பாட்டுக்கு ஓடுகிறது. மெஹராஜ் யாரென்று கேட்காமலே தெரிந்தது. நாற்பது வயதிருக்கும், குரல் கடைசி மேஜைவரை போகிறது. சீட்டு நடத்துவது அவர்தான்.

லாரியில் ஏறிப் பெட்டி பிரித்த கதையைச் சூப்பர்வைசரிடம் ஜாடையாக விசாரித்தேன். நடந்தது உண்மை. திட்டு வாங்கிய கதையையும் விசாரித்தேன். அவருக்கே இன்றுதான் யார் தப்பென்று தெரிந்தது. (அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய்!) கேட்டதெல்லாம் நிஜம். எனக்கு ஒரே குஷி.

குருவம்மாளை மட்டும் பார்க்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேஜைக்கு வந்துவிட்டார்கள், அவர் இடம் காலி. ஆனால் அந்த இடத்தில் பெட்டிகள் ஏறிக்கொண்டே இருந்தன, இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டு நீண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

"குருவம்மா எங்கே?"

"பாத்ரூம் போயிருக்குதுங்க" என்றார் மெஹராஜ், தலை நிமிராமல்.

குருவம்மாள் வெகுநேரம் கழித்து வந்தார். ஒல்லியான அம்மாள், வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. சேலை முழங்கால்வரை ஈரம். டெட்டால் வாசனை. பாத்ரூமில் டெட்டால் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. மெஹராஜ் என்னைப் பார்த்த பார்வையில் கேட்காமல் விட்டேன்.

கிளம்பும்போது மெஹராஜ் வாசல்வரை வந்தார். "நெசத்தச் சொல்லுங்க மேடம். நீங்க பயிற்சிக்கு வரல."

"உங்களுக்கு நல்லது செய்யத்தான் வந்தேன்."

"அப்படித்தானுங்க எல்லாரும் வர்றாங்க" என்றார்.

மார்ச் 12, புதன்

முந்திரியைச் சாப்பிட்டேன். குருவம்மாள் எழுதியவற்றை இன்று திறந்தேன்.

"மத்தியானம் நான் வீட்டுக்குப் போயி அவுகளப் புரட்டிப் போட்டுட்டு வாரதுக்குள்ள என் பெட்டியையும் சேத்து ஒட்டுன மெஹராஜ்க்கு."

"இன்னைக்கு வெரிப்பு நாலுவாட்டி மாத்த வேண்டியதாப் போச்சு. வர நேரமாயிருச்சு. நான் பாத்ரூம்ல இருக்கேன்னு சூப்பர்வைசர்ட்ட சத்தியம் பண்ணுன ரோஸ்மேரிக்கு."

"சூசை அண்ணன் பின்கேட்டத் தொறந்து விடும்போது யாரும் பாக்காம முன்னால நின்னு மறைச்சுக்கிட்ட பிள்ளைக்கு."

மாதாமாதம் இப்படித்தான். ஒன்றில்கூடப் பொய்யில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதரைப் பார்க்க ஒரு பெண் தினமும் மத்தியானம் கேட்டைத் தாண்டுகிறாள், ஒரு செக்ஷனே அவளைக் காப்பாற்றுகிறது. அதற்கு நன்றி சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் எங்கள் மென்பொருள். அதில் ஆள் பெயர், கேட் பெயர், காவலாளி பெயர் எல்லாம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

நான் இதை இணைத்து பிரேம்நாத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

சிலிண்டர் வந்தது. இரண்டாவது மாடிக்குத் தூக்கியதற்குத் தனியாகக் கேட்டார், கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

"எல்லாம் நெசந்தானுங்களா?" என்று நவநீதன் சார் கேட்டார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். குருவம்மாள் எழுதியதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்ப வழி உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். வளையம் முழுசாக ஒரே கோப்பாகத்தான் போகுமாம்.

ஏமாற்று இல்லை என்று எழுதினால் வாஷிங் மெஷின் கிடைக்கும், வேலை போகும். சூசை என்பவருக்கும் சேர்த்துப் போகும். ஏமாற்று என்று எழுதினால் வேலை நிற்கும், மெஷின் போகும், நிஜத்தைப் பொய் என்று என் கையால் எழுத வேண்டும். நான் விதிப் புத்தகத்தைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

பொருள் அனுப்புவதற்காகக் கொடுத்த முகவரி எங்களிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனது தப்பு. போனேன்.

கம்பெனிக்குப் பின்னாலேயே லைன் வீடுகள். வீட்டுக்கு முன்னால் கயிறு முழுக்க விரிப்பு, கைலி, பழைய சேலைத் துண்டுகள். குருவம்மாள் குழாயடியில் குந்தி ஒரு கையால் துவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிய மணிக்கட்டை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்தது.

உள்ளே கட்டிலில் அவர் கணவர் சுடலைமுத்து. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவராம், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து "வாங்க" என்றார். கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெள்ளை வெளேரென்று விரிப்பு. அறையில் டெட்டால் வாசனை.

ஒரு சுற்றும் சுற்றாமல் சொல்லிவிட்டேன். நான் யார், எதற்கு வந்தேன், என்ன படித்தேன், என்ன வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், எல்லாம். குருவம்மாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பி மெஹராஜை அழைத்து வரச் சொன்னார்.

மெஹராஜ் வந்து கேட்டுவிட்டு நின்றபடியே கத்தினார்.

"நான் அப்பவே சொன்னனுங்க, ஏனுங்க குருவக்கா, நல்லா வேலை செஞ்சாங்கன்னு எழுதுனாப் போதாதா? பேரு போட்டு எழுதோணுமா?"

"வேற என்னத்த எழுத. எனக்குச் செஞ்சது அதுதான."

"அது தப்பில்லீங்க. ஆனா..." மெஹராஜ் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு குருவம்மாள் என்னிடம் கேட்டார். "ஏமாத்துன்னு எழுதுனா அந்தக் கடுதாசியெல்லாம் போகாதுல்ல?"

"போகாது. நம்பர் மட்டும்தான். ஆனா புள்ளி ரத்தாகிடும். எல்லாருக்கும் மெமோ வரும். உங்களுக்கு மெஷின்..."

"அப்ப ஏமாத்துன்னே எழுதிருங்க."

"நாம எழுதுனது பூராம் நெசங்க" என்றார் மெஹராஜ். "ஒரு பொய் கெடையாதுங்க அதுல. அதப் போயி ஏமாத்துன்னு நாமளே எழுதச் சொல்றதா?"

"நமக்குத் தெரியுமில்ல. அவுகளுக்கு எதுக்கு?" என்றார் குருவம்மாள். குழாயடிக்குப் போய்க் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தினார்.

டீ போட்டுக் கொடுத்தார்கள். குடித்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழுதால் என்னைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவர்கள் தலையில் விழும் என்று பஸ் ஏறியபிறகு அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

எழுதினேன். "வளையம் உறுதி செய்யப்பட்டது. பாராட்டுகள் போலியானவை."

"நெசம்னு துள்ளிட்டு வந்தீங்களே" என்றார் நவநீதன் சார்.

"படிச்சப்ப ஏமாந்துட்டேன் சார். நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியுது. நல்லா நடிக்கறாங்க."

"அதுதானுங்க. பாவம்னு நெனச்சா நம்ம தலையில ஏறிருவாங்க."

மார்ச் 21, வெள்ளி

மாலைக் கூட்டத்தில் பெரிய திரையில் என் பெயர் வந்தது. கழுகுக் கண் விருது. எல்லோரும் கைதட்டினார்கள். வேலை நிரந்தரம். நவநீதன் சார் எனக்கு எழுதிய வரியைத் தானே படித்துக் காட்டினார்: "இரக்கத்துக்கு இடம் கொடுக்காமல் உண்மையைத் தோண்டி எடுத்தார்." புள்ளிகளும் தாராளமாகப் போட்டிருந்தார்கள். ஒரு வாஷிங் மெஷினே எடுக்கலாம்.

இத்தனை மாதமாக ஒரு ஆளாவது எதையாவது எழுத மாட்டாரா என்று தினமும் திறந்து திறந்து பார்த்தது நான்தான். கேக் வெட்டினார்கள், ஒரு துண்டு வாயில் ஊட்டினார்கள். விழுங்கிவிட்டுப் போய்க் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

திருப்பூர். புள்ளிகளைக் கடைக் கூப்பனாக மாற்றிக் கையில் எடுத்துப் போனேன். எந்தக் கடையிலும் கொடுத்து மெஷின் வாங்கலாம், என் பெயரும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது. குருவம்மாள் வாங்கிப் பார்த்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன்.

திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"செக்ஷன்ல அத்தன பேரும் மெமோ வாங்கி நிக்காக. அவுகள மாட்டி விட்டதுக்குக் கெடைச்ச பரிசு எங்க வீட்டு மூலையில உக்காந்து சுத்துமாக்கும்? நாளைக்கு அவுக மொகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

"நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்காக அதுல லாபம் பாக்க முடியுமா? கோவிச்சுக்காதீங்க மேடம். சீட்டுன்னா நாமளும் போட்டாத்தான் எடுக்கலாம். நீங்க தார காசுக்கு நான் என்னத்தப் போட்டேன்?"

கூப்பனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், முற்றத்துக் கயிறு காலி. குழாயடியில் வாளியும் இல்லை.

மெஹராஜ்தான் சொன்னார். புள்ளி போனால் போகட்டும் என்று சீட்டைத் துணிக்கு மாற்றிவிட்டார்களாம். வாரத்துக்கு ஒருத்தி அழுக்கு மூட்டையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வருகிறாள். குருவம்மாளின் மணிக்கட்டு ஆறுகிறவரை இப்படி. ஆறியபின் குருவம்மாள் அவரவர் முறைக்கு வேறு ஏதாவது செய்வாராம். என்ன என்பதை அப்போது பேசிக்கொள்வார்களாம்.

"என்னையும் சேர்த்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

மெஹராஜ் சிரித்தார். "கோயமுத்தூர்ல இருந்து வந்து பீத்துணி மூட்டை தூக்குவீங்களாக்கும்?"

"பஸ் இருக்குதுங்களே."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து சுடலைமுத்து, "அந்தப் பிள்ளைய விடுங்க, அது எதுக்கு இதச் செய்யணும்" என்றார்.

"ஏப்ரல்ல ரெண்டாவது வாரம் ரோஸ்மேரி ஊருக்குப் போவுது" என்றார் மெஹராஜ். "அந்த முறை காலி. பார்க்கலாமுங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

மூட்டையை வாங்கி வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஜன்னலோரம் எனக்கு முழுசாகக் கிடைத்தது.

ஏப்ரல் 7, திங்கள்

ஆபீசுக்கு லீவு. காலையிலிருந்து மொட்டைமாடிக் கல்லில் துவைத்தேன். கை ஊறிப்போய்விட்டது, முதுகு கழன்றுவிட்டது. இரண்டு முறை குமட்டியது, மறைக்க ஒன்றுமில்லை. இதைத்தான் அந்த அம்மாள் தினமும், அதுவும் ஒரு கையால்.

சுலோச்சனா அக்கா மாடிக்கு வந்து கொடியைப் பார்த்தார். நான் தனியாக இருக்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"யாரு துணி இது, சாருமதி?"

"தெரிஞ்சவங்க வீட்டுத் துணிங்க்கா. உடம்புக்கு முடியாதவர்."

"சொந்தமா?"

சீட்டுக்காரங்க என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கொடியின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

ஆபீஸ் முடிந்ததும் திருப்பூர் பஸ் பிடித்தேன். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு மடித்து, புதுப் பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். பேக்கிங் செக்ஷன் ஆட்கள் மடிப்பதைப் பார்த்து அதேபோல மடித்தது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பொய். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

குருவம்மாள் பையைத் திறந்தார். மேலே இருந்த விரிப்பை எடுத்து உதறி, என் மடிப்பெல்லாம் குலைய, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இந்தா பாரு, கறை அப்பிடியே கெடக்கு. வாசமும் போகல. இஸ்திரி போட்டா ஆச்சா? அடுத்த வாட்டி சோடா உப்புப் போட்டு ராத்திரியே ஊற வச்சிரணும்."

"சரிக்கா" என்றேன்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அடுத்த முறை எனக்கு எந்த வாரம் என்று மெஹராஜிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.